சாமி உத்தரவும் சத்திரசிகிச்சையும்

வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் பதில்கள்

பித்தப்பைக் கற்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு நோயாளர்கள் தத்தம் தெய்வத்தை வேண்டிக்கொள்வதைப் பற்றியும் ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே இம்முறை பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். இலங்கையின் மலையகத்து வைத்தியசாலைகளில் நெடுங்காலம் பணிபுரிந்த ஒரு சைவன் என்ற நிலையில் நின்றே நான் எழுதுகிறேன். சொந்த நம்பிக்கையை மறைத்துக்கொண்டு பிறருடைய நம்பிக்கைக்கு யோசனை சொல்வது முறையாகாது.

என் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இடது மார்பில் கட்டி ஒன்று இருப்பதைப் பல மாதங்களாக எங்களிடம் மறைத்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று, மஞ்சள் நீராட்டு முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்கிறார். குறி சொல்பவரும் "கத்தி வைத்தால் பரவிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்வது, டொக்டர் ஐயா? (வாசகி, தலவாக்கலை)

மகளே, முதலில் உங்கள் தாயாரோடு வாதாடுவதை நிறுத்துங்கள். காப்புக் கட்டியதை அவர் காரணமாகச் சொல்கிறார் என்றாலும், அதற்குப் பல மாதங்கள் முன்பே கட்டியை மறைக்கத் தொடங்கிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். அவரைத் தடுப்பது அம்மனுக்குச் செய்த விரதம் அன்று, பயம். ஆண் வைத்தியர் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம், மார்பை எடுத்துவிடுவார்களோ என்ற திகில், நாட்சம்பளம் போய்விடுமே என்ற கவலை, ஆஸ்பத்திரியில் தன் மொழியில் யாராவது பேசுவார்களா என்ற தயக்கம் ஆகிய எல்லாமே அந்தப் பயத்துக்குள் இருக்கும். திருவிழா அதற்குக் கௌரவமான ஒரு போர்வையாகக் கிடைத்திருக்கிறது. அந்தப் போர்வையை வெடுக்கென்று இழுத்தால் அவர் இன்னும் உள்ளே ஒடுங்கிவிடுவார்.

மருத்துவக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மார்பில் உள்ள எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தோன்றிய கட்டியைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பார், மாமோகிராம் அல்லது ஸ்கேன் எடுப்பார்கள், பிறகு ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். இவற்றுக்கு அரசாங்க வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. திருவிழா முடிய இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோதான் இருக்கிறது என்றால், அந்தப் பத்து நாளால் நோயின் போக்கு மாறிவிடாது. அதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆபத்து அதற்குப் பின்னால் வருவதில் இருக்கிறது. திருவிழா முடிந்ததும் ஆடி மாதம் ஆகாது என்பார்கள், பிறகு தீபாவளிச் செலவு என்பார்கள், அதன்பின் பிள்ளைகளின் பரீட்சை வரும். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்து, அக்குளில் நெறி கட்டி, புண்ணாகி, அதன்மேல் பச்சிலை வைத்துக் கட்டிய நிலையில் வந்து சேர்ந்த தாய்மார் பலரை நான் பார்த்திருக்கிறேன். "கத்தி பட்டதால் பரவியது" என்ற பேச்சு பிறந்ததே இப்படித்தான். பரவிய பின்னர் வந்தார்கள், கத்தி வைத்த பிறகு இறந்தார்கள், பழி கத்தியின்மேல் விழுந்தது.

ஆகவே, திருவிழா முடிந்த மறுநாளுக்கோ அதற்கடுத்த கிளினிக் நாளுக்கோ இப்போதே திகதி குறித்து, அதை அம்மனுக்கு முன்னால் வைத்தே சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் கோயில் பூசாரியாரிடம் நீங்களே போய் விடயத்தைத் தனியாகச் சொல்லுங்கள். பூசாரிமார் வைத்தியத்துக்கு எதிரிகள் என்று படித்த இளைஞர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவம் அப்படியன்று. ஒருமுறை விடுதியில் ஒரு பெண் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்து இரண்டு நாள் படுத்திருந்தார். அவருடைய தோட்டத்துப் பூசாரியாரே பஸ் ஏறி வந்து, கட்டிலருகே நின்று, நெற்றியில் திருநீறு இட்டு, "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, தைரியமாப் போ" என்றார். நானும் தாதியரும் எவ்வளவோ விளக்கியும் அசையாதவர் உடனே பேனாவைக் கேட்டார். எங்கள் விளக்கம் வீணானது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்த அனுமதி எங்களிடம் இல்லை.

பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் நடத்தும் வெல் வுமன் கிளினிக்கில் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாள் கேட்டு வையுங்கள்.

அப்பர் சுவாமிகளின் சூலை நோய் திருநீற்றாலும் பதிகத்தாலும் தீர்ந்தது என்று படிக்கிறோம். உண்மையான பக்தி இருந்தால் எனக்கும் வயிற்று வலி அப்படியே தீராதா? (வாசகர், ஹட்டன்)

திருவதிகையில் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து தம்பியார் பாடியதையும், வலி நீங்கியதையும் நானும் நெஞ்சாரப் போற்றுபவன். ஆனால் அந்த வரலாற்றை, வலி வந்தால் வைத்தியரிடம் போகக் கூடாது என்பதற்கான சட்டமாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. அப்பரை இறைவன் ஆட்கொண்ட கதை அது. அதே அப்பர் பாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. உழவாரத்தைக் கையில் ஏந்திக் கோயில் வீதிகளில் புல்லும் முள்ளும் செதுக்கினார். கைத்தொண்டும் வழிபாடே என்று வாழ்ந்து காட்டிய ஒருவரின் பெயரால், கையால் செய்யும் வைத்தியத்தை ஒதுக்குவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

உங்கள் வலி எத்தகையது என்று நீங்கள் எழுதவில்லை; அதுதான் எனக்குக் கவலை தருகிறது. சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவின் கீழ் வந்து முதுகுக்கும் தோளுக்கும் ஏறும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலது அடிவயிற்றில் நிலைகொண்டு, இருமினாலும் நடந்தாலும் குத்தும் வலி அப்பெண்டிசைட்டிஸாக (குடல்வால் அழற்சியாக) இருக்கலாம். அது நாள் கடந்தால் உள்ளேயே வெடித்துச் சீழ் பிடிக்கும். இடுப்பு வலிக்கும் கைகால் உளைச்சலுக்கும் கடையில் வாங்கிய மாத்திரைகளை வெறுவயிற்றில் நீண்ட காலம் விழுங்கியவர்களுக்குக் குடற்புண் துளைத்துக்கொள்வதுண்டு. திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற வலி, அதன்பின் பலகைபோல் இறுகும் வயிறு என்று வந்தால், அங்கே மணித்தியாலங்களே உயிரைத் தீர்மானிக்கும். அந்த வேளையில் பதிகத்தை வாகனத்தில் ஏறி அமர்ந்த பிறகு பாடுங்கள். மனமார வேண்டுகிறேன்.

சத்திரசிகிச்சைக்கு முன் தாலி, மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். கோயில் பிரசாதம்கூடச் சாப்பிட விடுவதில்லை. இது எங்கள் மதத்தை அவமதிப்பது ஆகாதா? (வாசகி, பொகவந்தலாவை)

கழற்றச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களை நோயாளருக்குச் சொல்லாமல் கத்தரிக்கோலை நீட்டுவது அவமதிப்புத்தான். அதை நான் மறுக்கமாட்டேன்.

மணிக்கட்டிலும் புயத்திலும் கட்டிய நூல் மாதக்கணக்கில் நனைந்து காய்ந்து கிருமிகளைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கையில்தான் சேலைன் ஊசி ஏற வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி சுற்ற வேண்டும். இரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும் கருவியைப் பயன்படுத்தும்போது உடலில் உலோகம் இருப்பதை நாங்கள் தவிர்க்கிறோம். கை வீங்கினால் மோதிரம் விரலின் இரத்தோட்டத்தையே நிறுத்திவிடும். நகப்பூச்சும் கருமையான மருதோன்றியும், ஒட்சிசன் அளவைக் காட்டும் விரற்கருவியின் வேலையைக் கெடுக்கக்கூடும். இவ்வளவையும் முதல்நாள் மாலையே அமைதியாகச் சொன்னால், பெரும்பாலானவர்கள் தாமாகவே கழற்றித் தம் கணவரிடமோ சகோதரியிடமோ கொடுத்துவிடுவார்கள். தாலியைக் கழற்றக் கூசுபவர்கள், தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை மட்டும் அணிந்து வரலாம். கழுத்திலோ மார்பிலோ சத்திரசிகிச்சை இல்லையென்றால், அதனைத் துணியால் மூடி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்க எந்தத் தாதியும் மறுக்கமாட்டார். நீராடி வந்த நெற்றியில் திருநீறு இருப்பதால் எங்களுக்கு எந்த இடையூறும் இல்லை. வெட்ட வேண்டிய இடத்தில் பூசிய சந்தனத்தைத்தான் கழுவியாக வேண்டும்.

பிரசாத விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மயக்க மருந்து ஏறியதும் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆளையே கொல்லும். அதனால்தான் உணவையும் பாலையும் குறைந்தது 6 மணித்தியாலம் முன்பே நிறுத்துகிறோம். வெறும் தண்ணீருக்கு 2 மணித்தியாலம் போதும். பஞ்சாமிர்தமும் அபிஷேகப் பாலும் தெய்வத்துக்குப் படைக்கப்பட்டவையே என்றாலும், வயிற்றுக்கு அவை உணவு. விடியற்காலையில் உறவினர் ஒருவர் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தை ஒரு பாட்டி உண்டுவிட்டார். சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் தாதி, "ஏதாவது சாப்பிட்டீங்களா, அம்மா?" என்று கேட்காமல், "கோயில் பிரசாதம் ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டார். பாட்டி உடனே ஆமென்றார். பிரசாதத்தைச் சாப்பாடு என்ற கணக்கில் சேர்க்காத மனது அவருடையது. அதை அறிந்து கேட்ட அந்தத் தாதி, பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போகும் சிங்களப் பெண். அவரைப் போன்றவர்களால்தான் எங்கள் விடுதிகள் நடக்கின்றன.

ராகு காலத்தில் சத்திரசிகிச்சை செய்வதை ஒத்திவைக்கக் கேட்கலாமா? (வாசகர், அப்புத்தளை)

அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும்போதே, அட்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். முடிந்தால் மாற்றித் தருவார்கள். நேரத்தைக் கேட்பது கடினம். ராகு காலம் ஒன்றரை மணித்தியாலம். ஆனால் உங்களுக்கு முன்னால் உள்ளவரின் சத்திரசிகிச்சை எப்போது முடியும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. அன்று காலை தியேட்டர் வாசலில் நின்று மறுத்தால், அந்த இடம் வேறொருவருக்கும் கிடைக்காமல் வீணாகிவிடும். அவசர நிலையில் நேரம் பார்க்கவே கூடாது.

நான் முஸ்லிம் பெண். கர்ப்பப்பையில் கட்டி. ஆண் வைத்தியர் செய்வதை என் குடும்பம் விரும்பவில்லை. மேலும், ஊசி மருந்துகளில் பன்றியிலிருந்து எடுத்தவை இருக்கின்றன என்கிறார்கள். உண்மையா? (வாசகி, கம்பளை)

உண்மை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் பன்றியின் குடல் உட்படலத்திலிருந்து தயாரிக்கப்படுகிறது. பெரிய சத்திரசிகிச்சைகளுக்குப் பின் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறாமல் காப்பதற்கு அதைக் கொடுப்பதுண்டு. செயற்கையாகத் தயாரிக்கும் மாற்று மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் அவை எல்லா வைத்தியசாலைகளிலும் எப்போதும் கிடைப்பதில்லை, எல்லா நோயாளருக்கும் பொருந்துவதுமில்லை. சில மாத்திரைக் கூடுகளின் ஜெலட்டின் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. கட்கட் என்னும் பழைய தையல் நூல் ஆடு, மாடுகளின் குடலிலிருந்து எடுப்பது. மாட்டை வணங்கும் எங்கள் சைவர்களில் அதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் சிலரே. இவற்றை நோயாளருக்குச் சொல்லாமல் விடுவதே நல்லது என்று கருதும் வைத்தியர்கள் உண்டு. நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். முன்கூட்டியே கேளுங்கள்; மாற்று இருந்தால் ஏற்பாடு செய்யலாம். மாற்றே இல்லாத நிர்ப்பந்தத்தில் உயிர் காப்பதற்காக விலக்கப்பட்டதைப் பயன்படுத்துவது குற்றமாகாது என்பதே மார்க்க அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது. அதை என் வாயால் கேட்பதைவிட உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டு, மனம் அமைதியடைந்த பிறகு வாருங்கள்.

பெண் வைத்தியரைக் கேட்பது உங்கள் உரிமை. கிடைக்காவிட்டால், பெண் தாதி ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும், தேவையான பகுதியைத் தவிர மற்றவை மூடியிருக்க வேண்டும், மயக்கத்திலும் அதே கண்ணியம் தொடர வேண்டும் என்று கேளுங்கள். தலையை மூடுவதற்குத் தியேட்டரில் சுத்தமான தொப்பியே தருவார்கள். இந்தக் கூச்சத்தை அறியாமை என்று ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், இந்துக்களும் முஸ்லிமும், தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அங்கே ஆண் வைத்தியர் இருந்தும் அவரை ஏற்க மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த வைத்தியரின் மகள் ஐடா ஸ்கடர் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கிய பணிதான், இன்று நம் மலையகத்தவரும் கடல் கடந்து தேடிப்போகும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கணவர்களைத் திட்டுவதில் அவர் காலத்தைக் கழிக்கவில்லை. பெண்களை வைத்தியர்களாக உருவாக்கினார்.

என் தம்பி யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்திருக்கிறான். இரத்தம் ஏற்றக் கூடாது என்கிறான். விபத்தில் சிக்கினால் வைத்தியர்கள் அவனைச் சாக விட்டுவிடுவார்களா? (வாசகர், நுவரெலியா)

இது எனக்கு மிகவும் கடினமான கேள்வி. இரத்தத்தை ஏற்பதில்லை என்பது அச்சபையின் 1945ஆம் ஆண்டிலிருந்து வரும் நிலைப்பாடு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்நாட்டில் இரத்த தான முகாம்கள் பன்சலையிலும் தேவாலயத்திலும் கோயில் மண்டபத்திலும் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முகமறியாத ஒருவருக்காகக் கையை நீட்டுவதை ஒரு புண்ணியமாகவே கருதுகிறேன். ஆயினும் தெளிந்த அறிவுள்ள ஒரு வயதுவந்தவர், விளைவுகளை முழுவதும் அறிந்து மறுத்தால், அவரைக் கட்டிப்போட்டு இரத்தம் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. உடல் அவருடையது.

ஆனால் மறுப்போடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. உங்கள் தம்பி போன்றவர்களிடம் நான் முதலில் செய்வது, உறவினரையும் சபையினரையும் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்பது. சிலர் தனிமையிலும் அதே உறுதியோடு இருப்பார்கள், சிலர் தயங்குவார்கள், இரண்டையும் மதிக்க வேண்டும். பிறகு, எதை மறுக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். செங்குருதிக் கலங்களையும் பிளாஸ்மாவையும் மறுப்பவர்கள், இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அல்புமின் போன்ற சிறு கூறுகளை ஏற்பதா என்பதைத் தத்தம் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறார்கள். சத்திரசிகிச்சையின்போது சிந்தும் சொந்த இரத்தத்தையே கருவியால் சுத்திகரித்துத் திருப்பிச் செலுத்துவதைச் சிலர் ஏற்கிறார்கள். திட்டமிட்ட சத்திரசிகிச்சையாயின், சில வாரங்களுக்கு முன்பே இரும்புச்சத்துக் கொடுத்துச் செங்குருதிக் கலங்களின் அளவை உயர்த்தி வைக்கலாம். இத்தகைய நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யும் நாளில் ஒவ்வொரு சிறு கசிவையும் நான் இருமடங்கு கவனத்துடன் கட்டுவேன். உண்மையில் அந்தக் கவனம் எல்லா நோயாளருக்கும் கிடைக்க வேண்டியதுதான். அவருடைய நிபந்தனையின் கீழ் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று ஒரு நிபுணர் கருதினால், அதை வெளிப்படையாகச் சொல்லி வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். கைவிடக் கூடாது.

சிறு பிள்ளைகளின் கதை வேறு. தன் நம்பிக்கையைத் தானே தேர்ந்தெடுக்கும் வயது வராத குழந்தையின் உயிரைப் பெற்றோரின் நம்பிக்கை ஒன்றைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய விட முடியாது. தம்பியின் விருப்பம் எழுத்தில் இருக்கட்டும். விபத்து நேரத்தில் அண்ணனான உங்களை நடுவில் நிறுத்திக் கேட்கும் கொடுமை அதனால் குறையும்.

நான் பேராதனையில் மருத்துவம் படிக்கும் மாணவன். சத்திரசிகிச்சை நிபுணர் கடவுளை நம்புவது அவருடைய வேலையை மேம்படுத்துமா? நீங்கள் நோயாளருடன் சேர்ந்து பிரார்த்திப்பீர்களா?

கை கழுவும் நேரத்தில் மனதுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்வது என் வழக்கம். என் உதவியாளர்கள் எவருக்கும் அது கேட்டிருக்காது. நோயாளருடன் பிரார்த்திக்க நானாக ஒருபோதும் அழைத்ததில்லை. மேசையில் படுக்கப்போகும் ஒருவர் என் கத்திக்குத் தன் உயிரை ஒப்படைத்திருக்கிறார். அந்த நிலையில் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தி என் சமயத்தை நுழைப்பது களவு. நோயாளரின் இயலாமையைச் சுரண்டும் வகையில் வைத்தியர் தம் சொந்த நம்பிக்கையை வெளிப்படுத்தக் கூடாது என்று பிரித்தானிய மருத்துவப் பேரவையும் வகுத்திருக்கிறது. ஆனால் நோயாளர் தாமாகவே, "ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கிறேன், டொக்டர்" என்றால், நான் கையில் உள்ள கோப்பை மூடிவிட்டு அருகில் நிற்பேன். அவர் அழைக்கும் தெய்வத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய நாடித்துடிப்பு தணிவதைக் கண்டிருக்கிறேன்.

பிரார்த்தனையின் பலனை அளந்து பார்க்கும் முயற்சி நடந்ததும் உனக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்காவில் ஆறு வைத்தியசாலைகளில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. தமக்காகப் பிறர் பிரார்த்திக்கிறார்களா இல்லையா என்று அறியாதிருந்த இரு பிரிவினரில், பிரார்த்தனை கிடைத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களிலோ அது 59 சதவீதம். இதைக் கொண்டு இறைவனை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதே என் எண்ணம். முன்பின் தெரியாதவர்கள் பட்டியல் பார்த்துச் சொல்லும் பிரார்த்தனையும், மகன் விடுதிப் படிக்கட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து வேண்டுவதும் ஒன்றல்ல. ஆனால் இன்னொரு ஆய்வை நீ மறக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் 19 அம்சச் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் எட்டு வைத்தியசாலைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது என்று 2009இல் வெளியிட்டார்கள். ஆளின் பெயரைக் கேள், வெட்டும் பக்கத்தைக் கேள், ஒவ்வாமையைக் கேள், பஞ்சுத்துணிகளை எண்ணு. பக்தியுள்ளவன் இவற்றைப் பூசை முறை தவறாமல் செய்வதைப் போலச் செய்ய வேண்டும்.

நம்பிக்கை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரை எங்கே உயர்த்துகிறது என்று கேட்டால், பிறர் தொடக் கூசியவரைத் தொடும் இடத்தில் என்பேன். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து அவர்களை மீண்டும் வேலை செய்ய வைத்தார். சாபம் என்று சமூகம் ஒதுக்கிய கைகள் அவை. அவருடைய கிறிஸ்தவ விசுவாசத்தை நீக்கிவிட்டு அந்த வேலையை விளங்கிக்கொள்ள முடியாது.

எங்கே தாழ்த்துகிறது என்பதையும் சொல்கிறேன். சத்திரசிகிச்சை தோற்றபோது, வராந்தாவில் நிற்கும் உறவினரிடம் "எல்லாம் விதி" என்று ஒரு வைத்தியர் சொல்வதை நான் வெறுக்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்லி ஆறுதல் தேடும் உரிமை மகனை இழந்த தாய்க்கு உண்டு, வைத்தியருக்கு இல்லை. அவர் சொல்ல வேண்டியது என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை. அதையும் அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். சிற்றூழியரை நிறுத்தி அரைகுறையாக மொழிபெயர்த்துவிட்டுப் போகக் கூடாது. பிரெஞ்சு நாட்டின் அம்புரோஸ் பரே பதினாறாம் நூற்றாண்டில், "நான் கட்டுப் போட்டேன், கடவுள் குணமாக்கினார்" என்றார். குணமானவரைப் பற்றி அவர் சொன்ன சொல் அது என்பதைக் கவனி. குணமாகாதவரின் கணக்கைக் கடவுளிடம் தள்ளிவிட அதில் இடமில்லை.

அப்பாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். சென்ற ஆண்டு ஒரு கால் விரலை எடுத்தார்கள். உயிர் பிழைத்ததற்காக இவ்வருடம் தீ மிதிப்பதாக நேர்ந்திருக்கிறார். அவரை மிதிக்க விடலாமா? (வாசகர், மஸ்கெலியா)

மிதிக்க விடக் கூடாது. இதைத் தீமிதிக்கு எதிராகச் சொல்லவில்லை. நல்ல பாதமுள்ள ஒருவர் விரைவாக நடந்து கடக்கும்போது ஒவ்வொரு அடியும் தணலில் படும் நேரம் மிகக் குறைவு. சாம்பல் பூத்த தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சூடு ஏறினால் அவர் கால் தானாகவே விரையும். உங்கள் தந்தையாருக்கு அந்த எச்சரிக்கை வராது. நீண்ட நாள் நீரிழிவு பாதத்தின் உணர்ச்சி நரம்புகளை அழித்திருக்கும். விரலிடுக்கில் ஒரு தணல் துண்டு சிக்கினாலும் மறுகரை சேரும்வரை அவருக்குத் தெரியாது. இரத்தோட்டம் குறைந்த காலில் அந்தத் தீக்காயம் ஆறாது. விரல் போன காலில் அடுத்து முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரிடும்.

நேர்த்தியை விட்டுவிடச் சொன்னால் அவர் உறங்கமாட்டார் என்பதை அறிவேன். தந்தைக்காக மகன் நேர்த்தியை ஏற்று நிறைவேற்றும் வழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. நீங்கள் காப்புக் கட்டிக்கொண்டு இறங்க, அவர் மாவிளக்கு ஏற்றி முன்னால் உட்காரட்டும். முடி காணிக்கை கொடுக்கட்டும். அலகு குத்துவதோ முதுகில் முள் குத்திப் பறவைக்காவடி எடுப்பதோ மாற்று வழி ஆகாது. சீனி கூடிய உடம்பில் ஒவ்வொரு துளையும் சீழ் பிடிக்கும் வாசல். நீங்களே அலகு குத்துவதாக இருந்தால், ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்குக் குத்திய முள்ளை இன்னொருவருக்குக் குத்த விடாதீர்கள். கோயில் வீதியில் வெயிலில் காய்ந்த கல்லும் மரத்த பாதத்தைச் சுடும் என்பதால், தடித்த காலுறையுடன் வர அவரை அனுமதிக்குமாறு தலைவரிடமும் பூசாரியாரிடமும் முன்பே பேசி வையுங்கள்.

தந்தையாரின் இரண்டு பாதங்களையும் இன்றிரவே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால், எடுத்த விரலின் தழும்பு ஆகிய இடங்களில் சிவப்போ கொப்புளமோ கருமையோ நாற்றமோ இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள்.